ருசி பார்க்காத குழம்பு

பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கும் குழம்பை ஆக்குகிறவள் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. பழவேற்காட்டு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் அப்படி ஒரு வழக்கம். உப்பு கூடக் குறைய இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், இன்னொருத்தி வாய் பட்டதைத் தின்றால் தாய்க்குப் பால் ஊறாது என்பார்கள். என் பிறந்த வீட்டில் இதெல்லாம் கிடையாது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்காமல் என் அம்மா எந்தச் சட்டியையும் இறக்கியதில்லை. ஆனால் கல்யாணமாகி ஏழு மாதமே ஆன மருமகள் எதிர்த்துப் பேச முடியுமா? எனக்கோ அப்போதும் இப்போதும் மூக்கின் மேல் கோபம். பேச முடியாத இடத்தில் அந்தக் கோபமெல்லாம் குழவியில் இறங்கும். மருமகள் நன்றாக அரைக்கிறாள் என்று மாமியார் மெச்சிக்கொள்வார்.

அப்போது வீட்டில் நாங்கள் நான்கு பேர். மாமியார், என் வீட்டுக்காரர், நான், பிரசவத்துக்கு வந்திருந்த நாத்தனார். பிள்ளையையும் சேர்த்தால் ஐந்து. ஆண் பிள்ளை, பிறந்து ஒன்பது நாள். நாத்தனார் என் வீட்டுக்காரருக்குத் தங்கை, என்னைவிட ஒரு வயது சின்னவள். அவள் புருஷன் ஒல்லாந்துக்காரர் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து இலங்கைப் பக்கம் போயிருந்தான். பிள்ளை பிறந்த சேதியே அவனுக்கு இன்னும் எட்டவில்லை. தகப்பன் இல்லாத வீட்டில் அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அண்ணன்தான். 'எங்கண்ணன்' என்று அவள் ஆரம்பித்தாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். எங்கண்ணன் மாதிரி துடுப்புப் போட ஆளில்லை, எங்கண்ணன் கண்ணுக்குத் தண்ணீருக்குள்ளே மீன் தெரியும். நானும் அந்த அண்ணனோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாத ஒரு மனிதரைப் பற்றி அவள் பேசுவதாகவே தோன்றும்.

பத்தியக் குழம்பில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மிளகு, பூண்டு, புளி பேருக்குத்தான், ஏரியில் பிடித்த காரப்பொடி மீன். எல்லாவற்றுக்கும் மேலே சீரகம். ஒரு கைப்பிடி சீரகத்தை வெறும் சட்டியில் வறுக்க வேண்டும். மணம் எழும்பியதும் இறக்கிவிட வேண்டும், ஒரு மூச்சு தாமதித்தாலும் கருகிக் கசந்துவிடும். பிறகு தண்ணீர் தெளித்துத் தெளித்து மை போல அரைத்து, குழம்பு கொதித்து அடங்கும்போது கரைத்து ஊற்ற வேண்டும். பழவேற்காட்டில் மரைக்காயர் கடைக்கு வரும் சீரகத்தில் பாதி ஒல்லாந்துக்காரர் கோட்டைக்குப் போய்விடும். கோட்டைச் சமையல்கட்டுக்கு மீன் கொடுக்கும் என் மாமியார் ஒரு நாள் வந்து சொன்னார், வெள்ளைக்காரர்கள் பாலைக் கல் போல உறைய வைத்து அதற்குள் முழுச் சீரகத்தைப் போட்டுத் தின்கிறார்களாம். "அரைக்கக்கூடத் தெரியலடி பாவம்" என்று அவர்களுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார்.

எங்களுக்கு அரைப்பதில் வேறு கஷ்டம். பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு கழியும்வரை வீட்டு அம்மியில் அரைக்கக் கூடாது. அவளுக்கென்று வீட்டுக்குப் பின்னால் ஒரு கல் தனியாக இருக்கும். அதில் அரைத்து, அந்தக் கல்லையும் வெளியிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். எட்டு நாளும் மாமியாரே பின்பக்கம் போய் அரைத்து உருட்டி என் கையில் கொடுத்துவிடுவார். எந்தக் கல் என்று நான் பார்த்ததில்லை. அடுப்படியில் நான் பார்க்க வேண்டியது நிறைய இருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் கோட்டையிலிருந்து ஆள் வந்தான். கப்பல் வந்திருக்கிறது, சரக்கு இறக்க எல்லாரும் வர வேண்டும் என்று. குப்பத்து ஆண்கள் மொத்தமும் சலங்கு தள்ளிக்கொண்டு கப்பலுக்குப் போய்விட்டார்கள். சலங்கு என்பது கடல் அலையைத் தாண்டிக் கப்பல் வரை போய்ச் சரக்கு ஏற்றி வரும் படகு. என் வீட்டுக்காரரும் போனார். கப்பல் வந்தால் கோட்டையில் மீனுக்குக் கிராக்கி என்று மாமியாரும் அவசர அவசரமாகக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"அத்தே, சீரகம் எதுல அரைக்கிறது?"

"பின்னால கல்லு கீது பாரு, அதுல அரை. வூட்டு அம்மில கை வெச்சுடாத."

சொல்லிக்கொண்டே தெருத் திரும்பிவிட்டார்.

சீரகத்தை வறுத்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். வேலியோரம் ஒரு கல் கிடந்தது. அதன் மேல் மீன் செதிலும் கோழி எச்சமும், ஒரே ஈ. இதிலா பிள்ளை பெற்று ஒன்பது நாள் ஆனவளுக்கு அரைப்பது என்று முகம் சுளித்தேன். கொட்டகையில் பழைய வலைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். அதற்கடியில் இன்னொரு கல்லின் விளிம்பு தெரிந்தது. வலையை விலக்கினால், தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்த கல், மேலே ஒரு சின்னக் குழவி. அவ்வளவு சுத்தம். மாமியார் இவ்வளவு பத்திரமாக மூடி வைக்கிறாரே, இதுதான் அந்தக் கல் என்று முடிவு கட்டினேன். மேலுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கையால் வழித்துவிட்டு அரைக்க ஆரம்பித்தேன். கல்லில் கொத்திய குழிகள் ஆழமாக இருந்தன. சீரகம் நிமிஷத்தில் மசிந்தது. இவ்வளவு நல்ல கல்லைத் தீட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்களே என்றுகூட நினைத்தேன்.

அரைத்து முடித்துக் கல்லைக் கழுவி, இருந்த இடத்திலேயே வைத்து மூடினேன். கழுவிய தண்ணீர் கொட்டகைப் பக்கத்துப் பள்ளத்தில் தேங்கியது.

குழம்பு நல்ல நிறமாக வந்தது. ருசி பார்க்கவில்லை. வழக்கத்தை மீறாத நல்ல மருமகளாக, வாய் படாமல் கொண்டுபோய் நாத்தனாருக்குச் சோற்றில் ஊற்றினேன். அவள் இரண்டு கவளம் தின்றாள். மூன்றாவது கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, கசக்குது. சீரகம் கருகிடுச்சா?"

எனக்குச் சுருக்கென்றது. சட்டியின் முன்னால் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்து வறுத்த சீரகம் அது.

"ஒண்ணும் கருகல."

"அப்ப மீன்ல குடல் நிக்கிதோ இன்னாவோ."

அது இன்னும் மோசம். மீனவச்சியைப் பார்த்து மீனைச் சரியாக ஆயவில்லை என்று சொன்னால் அதற்கு மேல் என்ன இருக்கிறது?

"பத்தியம்னா கசக்கத்தான் கசக்கும். தொட்டுக்க வெல்லமா வெப்பாங்க? மூச்சக் காட்டாம துன்னு."

அவள் தின்றாள். எனக்குக் கோபம் வரக் கூடாதென்று, கடைசிக் கவளம் வரை கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். நான் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டில் காலியானதும்தான் எழுந்தேன். இத்தனை வருஷத்தில் நான் செய்த எத்தனையோ தப்புகளை எனக்கு நானே மன்னித்துக்கொண்டேன். அப்படி எதிரில் உட்கார்ந்ததை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

சட்டி கழுவப் பின்பக்கம் போனபோது எங்கள் கோழி ஒன்று பள்ளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. நடை சரியில்லை. ஒரு பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து போனது. பிறகு நின்றது. கழுத்து மெல்லப் பின்னால் திரும்பி முதுகைத் தொட்டது. அப்படியே விழுந்து காலை உதைத்துக்கொண்டது. அதன் அலகில் சீரக விழுது ஒட்டியிருந்தது.

கொட்டகைக்கு ஓடி வலைகளை அள்ளி எறிந்தேன். கல் இருந்த இடத்துக்குப் பின்னால், ஓலைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு துணி முடிச்சு செருகியிருந்தது. அவிழ்த்தேன். தவிடு, அதோடு கருத்துச் சுருங்கிய விதைகள், பாதி உடைந்தும் பாதி முழுசாகவும்.

காக்காய்க்கொல்லி விதையைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் ஏரிக்கரையில் கிடையாது. அதை அரைத்துத் தவிட்டில் பிசைந்து தேங்கிய தண்ணீரில் வீசினால் மீனெல்லாம் மயங்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலே வரும். வலையே வேண்டாம், கூடையில் அள்ளலாம். ஆனால் குஞ்சும் குறுமீனும் சேர்ந்து சாகும். அதனால் ஊரில் அதற்குத் தடை. எங்களுக்கு ஏரியில் பாடு என்று உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்ன வீட்டார் வலை போடலாம் என்று ஊர் வகுத்த முறை. விதை போட்டவன் வீட்டுக்குப் பாடு கிடையாது. பாடு இல்லாதவன் ஏரியைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நான்கு நாளைக்கு முன் என் வீட்டுக்காரர் விடிகிற நேரத்தில் ஒரு கூடை மடவை மீனோடு வந்தார். வலை எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. எங்கே பிடித்தது என்று கேட்டேன். "ஆம்பள வேலைல உனுக்கு இன்னா?" என்றார். அப்போது எங்கள் பாடு வர இருபது நாள் இருந்தது. தங்கச்சிக்கு நல்லது பொல்லது பார்க்க வேண்டிய வேளை, வீட்டில் ஒன்றும் இல்லை. இப்போது எல்லாம் விளங்கியது; மாமியார் சொன்னது வேலியோரக் கல்லைத்தான். இந்தக் கல்லை என் வீட்டுக்காரர் ஏன் அப்படித் தேய்த்துக் கழுவினார் என்பதும் விளங்கியது. மேலே கழுவியவருக்குக் குழிக்குள் கழுவத் தோன்றவில்லை.

அடுத்து நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன். யாருமில்லை. ஒரு கூடையை எடுத்துக் கோழியின் மேல் கவிழ்த்தேன். துணி முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டேன். இவ்வளவும் செய்த பிறகுதான் உள்ளே ஒருத்தி அதைத் தின்றுவிட்டுப் படுத்திருக்கிறாள் என்பது எனக்கு உறைத்தது. அவள் மார்பில் ஒன்பது நாள் பிள்ளை.

உள்ளே ஓடினேன். அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், பிள்ளை பால் குடித்தபடி. எட்டிப் பிள்ளையைப் பறித்தேன். காம்பு வாயிலிருந்து விடுபட்ட சத்தம் கேட்டது.

"இன்னா அண்ணி! ஏன் புடுங்கற?"

"பால் குடுக்காத."

"ஏன்?"

"குடுக்காதன்னா குடுக்காத. அப்புறம் சொல்றேன்."

அடுப்பிலிருந்த வெந்நீரில் கை நிறைய உப்பைப் போட்டுச் சொம்பில் கொண்டுவந்து நீட்டினேன். இதையும் குடிப்பது பத்தியம் என்று பொய் சொன்னேன். அவள் குடிக்கவில்லை. சொம்பைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணி, குழம்புல இன்னா போட்ட?"

இடுப்பிலிருந்த முடிச்சை எடுத்து அவள் முன்னால் அவிழ்த்தேன். அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏரியில் பிறந்து வளர்ந்தவள், பார்த்ததும் தெரிந்துகொண்டாள். கல்லைப் பற்றி மட்டும் சொன்னேன். அவள் சொம்பை என் கையிலிருந்து வாங்கி மூச்சு விடாமல் குடித்தாள், விரலைத் தொண்டைக்குள் விட்டாள். நான் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். சோறும் மீனும் சீரகமும் மண் தரையில் விழுந்தன. வறுத்த சீரகத்தின் மணம் அந்த வாந்தியிலும் வந்தது. இன்னொரு சொம்பு குடித்தாள், இன்னொரு முறை எடுத்தாள். பிறகு மார்பைப் பிசைந்து பாலைத் தரையில் பீய்ச்சினாள், அழுதுகொண்டே.

"பக்கத்து வூட்டு அக்காவக் கூப்புடறேன்" என்று எழுந்தேன். பக்கத்து வீட்டுக்காரிக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. இந்தப் பிள்ளைக்கும் பால் கொடுப்பாள்.

நாத்தனார் என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாம் அண்ணி. அவங்க வந்தா இன்னான்னு கேப்பாங்க. எங்கண்ணனுக்குப் பாடு பூடும்."

"உன் உசுரு பூடும்டீ!"

"அதான் எல்லாத்தயும் எடுத்துட்டனே. கொஞ்ச நேரம் பாப்போம். அண்ணன் எனக்கோசரந்தான அதச் செஞ்சுது. நான் காட்டிக் குடுப்பனா?"

நான் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் சொன்னதால்தான் உட்கார்ந்தேன் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மையல்ல. ஊரைக் கூட்டினால் என் புருஷன் பேர் மட்டுமா கெடும்? விஷத்தை அரைத்து ஊட்டியவள் நான். தெரியாமல் செய்தேன் என்றால் யார் நம்புவார்கள்? கசக்கிறது என்று சொன்னவளை அதட்டித் தின்ன வைத்தேனே, அதை எந்த வாயால் சொல்வது? உட்காரச் சொன்னது அவள். உட்கார வைத்தது என் பயம்.

அப்போது கவனித்தேன், மடியிலிருந்த பிள்ளை சத்தமே இல்லாமல் இருந்தது. பால் குடித்த பிள்ளை தூங்கும். விஷம் குடித்த பிள்ளையும் தூங்குமோ? மூக்கில் விரல் வைத்தேன். மூச்சு வருகிறதா, என் விரல் நடுக்கமா என்று தெரியவில்லை. தொடையில் கிள்ளினேன். வீல் என்று அழுதது. உயிர் போய் உயிர் வந்தது எனக்கு. அழுகை ஓய்ந்து மறுபடி கண் சொருகியது. மறுபடி கிள்ளினேன். எத்தனை முறை கிள்ளினேனோ தெரியாது. அந்தப் பிஞ்சுத் தொடையில் வரிசையாகச் சிவப்புத் தடங்கள் எழும்பிவிட்டன. கடைசி கடைசியாகக் கிள்ளியபோது அழுகை வர நேரமாயிற்று. நான் ஒன்று இரண்டு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணிக்கையைப் போல் நீண்ட வேறெதையும் என் வாழ்நாளில் நான் அனுபவித்ததில்லை.

அந்த நேரம் பார்த்துக் கோட்டையில் பீரங்கி வெடித்தது. கப்பலுக்கு மரியாதை. தரை அதிர்ந்தது. நாத்தனாரின் உடம்பு பாயிலிருந்து ஒரு சாண் தூக்கிப் போட்டது. முதலில் சத்தத்துக்குப் பயந்துவிட்டாள் என்றே நினைத்தேன். இரண்டாவது வெடி, மறுபடி தூக்கிப் போட்டது. கை விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகியிருந்தன. அவற்றை நான் பிரித்துப் பார்த்தேன், பிரிக்க முடியவில்லை. தாடை கிட்டிக்கொண்டது. கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணில் இப்போது அண்ணனும் இல்லை, பாடும் இல்லை. வெறும் பயம், என் பயத்தைவிடப் பெரிய பயம்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு வாசலில் நின்று கத்தினேன். "அக்கா, எங்கூட்டுக்காரரு வெதை அரைச்ச கல்லுல நான் சீரகம் அரைச்சுப் போட்டுட்டேன்! அவ துன்னுட்டா! புள்ளையும் பாலு குடிச்சிடுச்சு!" ஒரு வார்த்தை மிச்சம் வைக்கவில்லை. மிச்சம் வைத்தால் மறுபடி பயந்து பின்வாங்கிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். நடுத்தெருவில் நின்று அவ்வளவையும் கொட்டினேன். வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள், மீன் காயப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள், எல்லார் காதிலும் விழுந்தது.

அந்த அக்கா ஒரு கேள்வி கேட்கவில்லை. தன் குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டு எங்கள் பிள்ளையை வாங்கி மார்பில் வைத்தாள். அது குடித்தது. இழுத்து இழுத்துக் குடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மற்றப் பெண்களோடு எங்கள் வீட்டுக்கு ஓடினேன்.

பிறகு மத்தியானம் முழுவதும் ஐந்தாறு பேர் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஒருத்தி தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒருத்தி பல்லுக்கு நடுவில் துணியை மடித்து வைத்தாள். நான் காலைப் பிடித்துக்கொண்டேன். உதறல் வருவது அவள் கணுக்காலில் முதலில் தெரியும், நரம்பு துடிக்கும், பிறகு மொத்த உடம்பும் வில்லாக வளையும். ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்று நினைத்தேன். இதோடு நின்றுவிடும் என்றா, இதோடு போய்விடுவாள் என்றா என்று கேட்காதீர்கள். இரண்டும்தான். யாரும் சாமியைக்கூட வாய்விட்டுக் கூப்பிடவில்லை. சத்தம் கேட்டாலே அவளுக்குத் தூக்கிப் போட்டது. கப்பல்காரர்களின் மரியாதை எப்போது தீரும் என்று காத்துக்கொண்டிருந்தோம்.

வெயில் தாழ்ந்தபோது உதறலும் தாழ்ந்தது. நடுவில் விட்ட நேரம் நீண்டுகொண்டே போனது. மாமியார் வந்தார், யாரோ வழியிலேயே சொல்லியிருந்தார்கள். கூடையைப் போட்டுவிட்டு மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேய்த்துவிட்டார். என்னை அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பின்னால் ஊரில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். அந்தக் கல்லைப் படகில் கொண்டுபோய்க் கடலில் போட்டார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு பருவம் பாடு இல்லை என்றார்கள். என் வீட்டுக்காரர் அந்த நாட்களில் கோட்டைச் சரக்குக்குச் சலங்கு தள்ளினார். நான் கருவாடு விற்றேன். பட்டினி கிடந்தோம், செத்துப்போகவில்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து, என்னைவிட உயரமாகி, என்னை அதட்டும் அளவுக்கு வாய் வளர்ந்து, நன்றாக இருக்கிறான். அவன் தொடையில் கிள்ளிய தடம் மூன்று நாளில் மறைந்துவிட்டது. நான் இன்றைக்கும் சீரகம் அரைத்தால் முதல் விழுதை என் நாக்கில் வைத்துப் பார்க்கிறேன், பிள்ளை பெற்றவளுக்கானாலும் சரி. பால் ஊறாவிட்டால் போகட்டும்.

ஆனால் அன்றைய பொழுது அதோடு முடியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் ஆண்கள் வந்தார்கள். கரையில் இறங்கும்போதே என் வீட்டுக்காரருக்குச் சேதி தெரிந்துவிட்டது. அவர் ஓடி வருவதைத் தெருக்கோடியிலேயே பார்த்தேன். வாசலில் நின்ற பெண்கள் விலகி வழி விட்டார்கள். உள்ளேதான் ஓடுவார் என்று நானும் கதவோரம் ஒதுங்கினேன். அவர் என் முன்னால் நின்றார். தலையிலிருந்து கடல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யார் யார்கிட்ட சொன்ன?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோழி மேல் கூடையைக் கவிழ்க்கும்போது நான் நினைத்ததும் இதுதானே. இந்த மனிதரை ஏழு மாதத்தில் முதல் முறையாக எனக்கு நன்றாகத் தெரிந்தது. பயந்துபோய் நிற்கும் இன்னொரு ஆள், அவ்வளவுதான்.

அவர் தாழ்ந்த குரலில்தான் கேட்டார். ஆனால் ஓலைச் சுவர், காது வைத்துக் கேட்க வேண்டியதில்லை. உள்ளேயிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. தாடை கிட்டிக் கிட்டி வலித்ததில் ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வந்தது.

"நான் உசுரோடத்தான் கீறேண்ணா."

அவர் என் முழங்கையை விட்டார். வாசலில் ஒரு காலை எடுத்து வைத்தார், அப்படியே நின்றுவிட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவள் அவரை உள்ளே கூப்பிடவில்லை.